பிலிம் புகைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ரோல் விலை இறங்குவதாக இல்லை என்பதால் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு தொடர்கிறது.

அழகர் ஆற்றில் இறங்கிய விடியலில் நம்மவர்கள் வைகைக் கரையில் இருந்தார்கள். ஒருவரது கேமராவில் எடுத்த படங்களைக் காட்டும் எண், ரோலின் கடைசிப் படமான 36-ஐத் தாண்டியும் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. பிலிம் நுனி உள்ளே மாட்டவே இல்லை. ஒரு படமும் பதியவில்லை. லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத் திருகும் சேர்ந்து சுற்றுகிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். அதே காலையில் எக்ஸ்போஷர் தப்பிவிட்டது என்று இன்னொருவர் கைவிட்ட ரோலில், பக்தர்கள் பீய்ச்சிய தண்ணீர் எதிர்வெயிலில் துளித்துளியாக நிற்கிறது. கண்காட்சியில் அதைத்தான் முதலில் மாட்டினோம். கழுவும்வரை அப்படி ஒரு படம் இருப்பது எடுத்தவருக்கே தெரியாது.

அடுத்த முறை டிஜிட்டலையும் கொண்டுபோகலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. எடுத்ததைத் திரையில் உடனே பார்க்கக் குனிந்தால் எதிரே நடப்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

கழுவும் பயிற்சியைக் கோடையில் நடத்தினோம். இல்ஃபோர்டு எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு, படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பர் கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். மே மாதத்தில் நம் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டி நிற்கும். அண்டாவில் ஐஸ் போட்டு, அதற்குள் பாட்டில்களை நிறுத்தி, தெர்மாமீட்டரை விட்டுக் கண் எடுக்காமல் வேலை பார்த்தோம். சூடு ஏறினால் நெகட்டிவ் கறுத்துவிடும்.

அப்புறம், இந்த ஆண்டின் பெரிய சந்தோஷம். ஓர் உறுப்பினர் தம் அப்பா பீரோவில் விட்டுப்போன ரோலைக் கொண்டுவந்தார். உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம். பெரும்பகுதி மூட்டமாகிவிட்டது. மூன்று கட்டங்கள் தேறின. ஒன்றில் கிணற்றடியில் ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார். ஈர நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தவர், "எங்க பெரியத்தை" என்றார்.

1897-ல் பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பி இறந்துபோன சுவீடனின் ஆந்த்ரே குழுவினரின் பிலிம், 1930-ல் குவித்தோயா தீவில் கிடைத்தது. 93 படங்களை மீட்டார்கள். அங்கே குளிர் துணைநின்றது. நம் ஊர்ச் சூட்டில் கழுவாத ரோலில் பதிந்தது மங்கிக்கொண்டே போகும். எனவே எடுத்த ரோல்களைக் கழுவும் நாள்வரை வைக்க, சங்கத்துக்குப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்க அனுமதி கோருகிறேன். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்