பஸ்ல போலீஸ் வர்றது பத்தி பெற்றோர்களுக்கு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

திங்கள்கிழமையில இருந்து காலையிலயும் சாயங்காலமும் நம்ம பசங்க வர்ற பஸ்ல ரெண்டு போலீஸ் யூனிஃபார்ம்லயே ஏறுவாங்க, அதுல ஒருத்தர் பெண் காவலர். இது தெரிஞ்சதும் ஸ்கூல்ல ஏதோ பெரிய கேஸ்னு வாட்ஸப் குரூப்ல மெசேஜ் சுத்த ஆரம்பிச்சுடுச்சு, அதனால நானே எழுதறேன். யாரையும் பிடிச்சுட்டு போக வரல. ஸ்டேஷனுக்கு போய் கேட்டதே நானும் பள்ளி மேலாண்மைக் குழுவும்தான்.

சாயங்காலம் ஸ்டாப்புல வந்து நின்னு பாருங்க. முதல்ல ஒரு பஸ் காலியா வரும், ஒரு பையனும் ஏற மாட்டான், பின்னாடி பிதுங்கிட்டு வர்ற பஸ்ஸுக்குத்தான் நிப்பானுங்க, ஏன்னா அவங்க செட்டு பூரா அதுலதான் வரும். உள்ள இடம் இருந்தாலும் படியிலதான் தொங்கணும், தகரத்த தட்டி கானா பாடணும், கண்டக்டர் விசில் மேல விசில் ஊதினாலும் கேக்கறதில்ல, கடைசியில டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டா வேலை முடிஞ்சு வீட்டுக்கு போறவங்க அத்தன பேரும் லேட். இதுல எனக்கு மனசு தாங்காதது எட்டாவது படிக்கற நம்ம பொண்ணுங்க நிக்கற விதம். பைய முதுகுல மாட்டறதில்ல, நெஞ்சோட சேத்து அணைச்சுகிட்டு நிக்குதுங்க. ஏம்மான்னு ஒரு பிள்ளைகிட்ட கேட்டேன், "இப்படி நின்னாதான் மிஸ் யாரும் இடிக்க மாட்டாங்க"ன்னு சொல்லுது. பதிமூணு வயசுங்க அதுக்கு.

படியில தொங்கறது விளையாட்டு இல்லன்னு இந்த ஓஎம்ஆர்ல, அதான் பழைய மகாபலிபுரம் ரோட்டுல இருக்கறவங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, 2012 டிசம்பர்ல பெருங்குடி பக்கத்துல பஸ் லாரியில உரசி நாலு மாணவங்க போய் சேந்தாங்களே, அதே ரோடுதான் இது.

சட்டம் இல்லாம இல்ல. சென்னையில ஒரு காலேஜ் பொண்ணு கேலியால உயிர விட்ட பிறகு 1998லயே தனி சட்டம் வந்துச்சு, 2022ல மோட்டார் வாகன விதிய திருத்தி, பொண்ணுங்கள முறைக்கறவன் விசிலடிக்கறவன எல்லாம் கண்டக்டரே இறக்கி விடலாம், ஸ்டேஷன்ல ஒப்படைக்கலாம்னு கொண்டு வந்தாங்க. ஆனா நூறு பேர் இருக்கற பஸ்ல டிக்கெட்டும் போட்டுகிட்டு ஒத்த ஆளா அந்த கண்டக்டர் என்னதான் பண்ணுவார் சொல்லுங்க. காக்கி சட்ட ரெண்டு உள்ள நின்னா படி தானா காலியாகும், எனக்கு அது போதும். கேஸ் போட்டு ஒரு பையன் படிப்பு கெடறது எனக்கு வேணாம்.

அதனால ஸ்டேஷன்ல தெளிவா பேசிட்டுதான் வந்தோம். அடிக்கக் கூடாது, முட்டி போட வெச்சு வீடியோ எடுத்து போடக் கூடாது, பையன் பேரு முதல்ல ஸ்கூலுக்கு வரணும், நாங்க உங்கள கூப்பிட்டு பேசுவோம். ஒத்துகிட்டாங்க. 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைய லாக்கப்புல வைக்கவே கூடாதுன்னு சட்டமும் இருக்கு, பயப்படாதீங்க. மீறி ஏதாவது நடந்தா எனக்கு போன் பண்ணுங்க, ராத்திரின்னாலும் பரவால்ல.

உங்ககிட்ட கேக்கறது கொஞ்சம்தான். பையன் எந்த பஸ்ல வந்தான், யார் கூட வந்தான்னு தினமும் சாப்பாடு போடும்போது கேளுங்க. காலையில ஒரு இருவது நிமிஷம் முன்னாடி கிளப்பி விடுங்க, அந்த நேரத்து பஸ்ல உக்காந்தே வரலாம். பொண்ணுங்ககிட்ட "நீ ஏன் அங்க நின்ன"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, கேட்டா அடுத்த தடவ வாயே திறக்காது. மாநகர பஸ் பலதுல 2022ல இருந்து கேமராவும், ஆபத்துன்னா அமுக்கறதுக்கு சிவப்பு பட்டனும் வெச்சிருக்காங்க, அந்த பட்டன் எங்க இருக்குன்னு பிள்ளைக்கு காட்டுங்க, குழந்தைங்க உதவிக்கு கூப்பிடற 1098 நம்பரையும் மனப்பாடம் பண்ண வைங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஸ்கூல்ல மீட்டிங், பஸ்ல வரப்போற அந்த ரெண்டு காவலர்களும் வர்றாங்க, உங்க சந்தேகத்த நேரா அவங்ககிட்டயே கேளுங்க. எப்பவும் அம்மாங்க மட்டும்தான் வர்றீங்க, இந்த தடவ அப்பாக்களும் கண்டிப்பா வரணும், முக்கியமா பசங்களோட அப்பாக்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்