தெருவிளக்கில் படித்த பெண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய, எங்கள் லைன் வீட்டு (ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள்) பெண்ணைப் பற்றித் தங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். 'மன உறுதி இருந்தால் வறுமை ஒரு தடையே அல்ல' என்று அதை முடித்துவைத்த நிருபருக்கு எங்கள் லைன் சார்பாக நன்றி. அந்தப் பிள்ளையைப் புத்தகத்தோடு தெருவிளக்கடியில் உட்காரவைத்து அவர் படம் எடுத்தபோது நான் குடத்தோடு எதிரில்தான் நின்றிருந்தேன். "ஏனுங்க, வீட்டுல ட்யூப்லைட் எரியுதே" என்றேன். சிரித்துக்கொண்டார்.

எரிகிறது, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்து! 2016 முதல் வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். எங்களுக்கு அவர் கணக்குப் பார்க்க வைத்த சப் மீட்டர். இலவசம் அவர் வாசலைத் தாண்டி வந்ததில்லை. வாடகை ஒப்பந்தம் எழுதித் தரக் கேட்டால், "வேற வீடு பாத்துக்குங்க அம்மிணி" என்பார். ஒப்பந்தம் இல்லாமல் ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவது எளிதல்ல.

என் தம்பிக்கு மன உறுதி போதாது என்பதைத் தங்கள் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உத்தரவைக் குறை சொல்லவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவோடு தேங்கிய நொய்யல் ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீரபாண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் வின்ச் என்ற சாய மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மறு சனிக்கிழமை சம்பளம் இல்லை. ஒன்பதாவது படித்த தம்பி பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கு, அதாவது டெய்லருக்குக் கையாளாகப் போனான். கணக்கில் அவனை அடிக்க வகுப்பில் ஆளில்லை. ராத்திரி வரும்போது புருவமெல்லாம் பஞ்சு. பிசிர் வெட்டி வெட்டிக் கட்டை விரலில் கத்தரி பதிந்த இடம் காய்த்துப்போயிருக்கும். அந்தக் கையோடு என் பிளஸ் ஒன் கணக்கை எடுத்துவைத்துப் போட்டுப்பார்ப்பான். ஏற்றுமதிக்கு எத்தனை கோடி நஷ்டம் என்று அப்போது பத்திரிகைகள் தினமும் எழுதின. பட்டறைத் தொழிலாளர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டு எங்கள் சந்துக்குள் ஒரு நிருபரும் வரவில்லை.

இந்தப் பெண் எப்படிப் படித்தாள் என்று நிருபர் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். பரீட்சை மாதத்தில் எட்டு வீட்டிலும் ஒன்பது மணிக்கு டிவியை அணைத்தோம். காலையில் கக்கூஸ் வரிசையில் அவளுக்குத்தான் முதலிடம். அதற்கும் முனகியவர்கள் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். முழுப்பரீட்சை லீவில் பிள்ளையைச் செக்கிங்குக்கு, தைத்த பனியனில் குறை பார்க்கும் வேலைக்கு, அனுப்பச் சொல்லி காண்ட்ராக்டர் கேட்டபோது, அவளுடைய அம்மா தானே ஒன்றரை ஷிப்டு பார்த்து ஈடுகட்டினார். பள்ளிக்கூடத்து டீச்சர் சனிக்கிழமையும் வந்தார். இதில் ஒன்று தப்பியிருந்தாலும் அவளும் இன்றைக்கு என் பக்கத்து டேபிளில் பீஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இருந்த உறுதியில் எங்கள் பிள்ளைகள் யாருக்கும் குறைச்சல் இல்லைங்க.

கட்டுரையோடு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தாங்கள் நினைத்திருக்கலாம். அவர்கள் தேனிக்காரர்கள். ரேஷன் கார்டு அங்கேதான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கான சான்றிதழ் வேண்டும் என்றதும் அம்மாவும் மகளும் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே போன பிறகுதான் இன்னொரு தாள் வேண்டும் என்று சொன்னார்களாம். வேலைக்குப் போகாத நாளுக்கு எங்களுக்குக் கூலி கிடையாது என்பதையாவது கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ரிசல்ட் வருவதற்கு முன்பே, முதல் பட்டதாரி, சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் மாத உதவி 1000 ரூபாய்க்கும் என்னென்ன தாள்கள் வேண்டும், வெளியூர்க் கார்டு வைத்திருப்பவர்கள் எங்கே போக வேண்டும், கடைசித் தேதி எது என்று திருப்பூர்ப் பக்கத்தில் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே ஒரு சாண் இடம் போதும். படம் வேண்டாம்.

இப்படிக்கு,
செக்கிங் தொழிலாளி ஒருத்தி,
வேலம்பாளையம், திருப்பூர்.