சிவப்பில் விழுந்த 2,184: விக்கிப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். எவரும் எழுதித் திருத்தக்கூடிய நமது திருகோணமலை மாவட்ட விக்கியின் கட்டுரைப் போட்டிக்கான முதற்கட்டப் புள்ளிப் பட்டியலை ஞாயிறு இரவு வெளியிட்டிருந்தீர்கள். அதற்கு முன்பு பேச்சுப் பக்கங்களில் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதாம். நான் இரண்டு தடவை முறையிட்டேன். இரண்டு தடவையும் 'கவனத்தில் எடுத்துள்ளோம்' என்று பதில் வந்தது. எடுத்த கவனத்தை எங்கே வைத்தீர்கள் என்று தெரியாததால், இம்முறை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். சேர்த்த எழுத்துகளின் கணினி அளவான பைட்டுகளை எண்ணிப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். இறுதிப் பட்டியல் வருவதற்கு முன்பே நிறுத்துங்கள்.

41 பேர் கொண்ட பட்டியலில் 38 ஆவது இடத்தில் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். உவர்மலையில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கிறார். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் ஐயா. தட்டச்சு அவருக்கு ஒற்றை விரலில்தான் வரும். 'ஞ' எங்கே இருக்கிறது என்று இன்னமும் என்னைத்தான் கேட்பார்.

பிரட்றிக் கோட்டை வாசல் பற்றிய நமது கட்டுரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் அந்த வாசலைக் கடந்துதான் போகவேண்டும். 1624 இல் போர்த்துக்கீசர் கோயிலின் இடிபாட்டுக் கற்களைக் கொண்டே அங்கே கோட்டை கட்டினார்கள். வாசற்கல்லில் மீன் சின்னமும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னனைப் பற்றி 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் பாட்டைத் திருமலையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். நமது கட்டுரையில் அந்தப் பாட்டின் மூன்று பாடங்கள், அதாவது மூன்று வேறு வடிவங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மூன்றும் அந்தக் கல்லிலேயே வெட்டியிருப்பதாக எழுதியிருந்தது. ஒன்றில் பறங்கி கோயிலைப் பிரிக்கிறான், இன்னொன்றில் பிடிக்கிறான், மூன்றாவதில் என்ன செய்கிறான் என்று எழுதியவருக்கே விளங்கியிருக்காது.

ஐயா இரண்டு நாள் அங்கே போனார். மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனது நான். முதல் நாள் வெயில் ஏறிவிட்டது, ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. மறுநாள் விடியும் நேரத்திலேயே போய் நின்றோம். டோர்ச் லைட்டை நேரே பிடிக்காமல், கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்ததும் பள்ளங்களில் நிழல் விழுந்து, ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் ஒரு 'கு' எழுந்து வந்தது. எழுத்தை எழுத்தாகக் கொப்பியில் வரைந்தார். நிச்சயமானதைப் பேனையால், சந்தேகமானதைப் பென்சிலால். காவலில் நின்ற சிப்பாய் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். கோட்டை மான்களில் ஒன்று ஐயாவின் துணிப்பையை முகர்ந்து பார்த்தது, உள்ளே வாழைப்பழம் இருந்தது. வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்தபோது பக்கம் முழுக்கப் பென்சில்தான் அதிகம்.

அன்றிரவு அந்த மூன்று பாடங்களையும் நீக்கினார். கல்லில் இப்போது சில சொற்களே வாசிக்கக் கிடைக்கின்றன, முழுப்பாட்டு வாய்வழியாக வந்தது, அது பலவிதமாக வழங்குகிறது என்று மூன்று வரி எழுதினார். அந்த மூன்று வரிக்கு அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. சேமித்ததும் பக்கத்தின் திருத்த வரலாற்றில் தடித்த சிவப்பு எழுத்தில் −2,184 என்று விழுந்தது. நூறு பைட்டுக்கு ஒரு புள்ளி என்ற உங்கள் விதிப்படி, அவர் கணக்கிலிருந்து 21 புள்ளிகள் கழிக்கப்பட்டன.

ஆம், கழிக்கப்பட்டன. கூட்டாமல் விட்டிருந்தால்கூட நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

முதலிடத்தில் இருப்பவர் மீது எனக்குக் கோபம் இல்லை. விதி எப்படியோ ஆட்டம் அப்படி. அவர் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிய கட்டுரைகளில், நமது பேக் பே (Back Bay) கடற்பகுதி 'முதுகு வளைகுடா' ஆகியிருந்தது. தொகுப்பு (ஒரு தடவை திருத்திச் சேமிப்பது) எண்ணிக்கைக்கும் ஊக்கப்புள்ளி உண்டென்று நீங்கள் அறிவித்த மறுநாள், ஒரே கட்டுரையில் ஒரு காற்புள்ளிக்கு ஒரு தொகுப்பாக 60 தடவை சேமித்திருக்கிறார். அந்த முதுகைத் திருத்தியவர் யார் என்று வரலாற்றைத் திறந்து பாருங்கள். பட்டியலில் அவர் 29 ஆவது.

பைட்டு என்றால் எழுத்து என்று உங்களில் யாராவது நினைத்திருந்தால், அந்த மயக்கத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஒருங்குறியின் (Unicode) UTF-8 முறையில், 'க' என்று எழுதினால் மூன்று பைட்டு. அதன் தலையில் ஒரு புள்ளி வைத்து 'க்' ஆக்கினால் ஆறு. இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரைதான், உங்கள் கணக்கிலோ இரட்டைக் கூலி. புள்ளி வைத்தால் புள்ளி கிடைக்கும் போட்டி தமிழிலன்றி வேறெந்த மொழியில் நடக்கும்? நமது ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் 30 பைட்டு, ஆங்கில எழுத்தில் 11. பைட்டுதான் அளவுகோல் என்றால் சம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகத்தை நூறு கட்டுரைகளில் ஒட்டிவிட்டு மேடைக்கு நானே வருகிறேன்.

எண்ணிக்கைக்குப் பின்னால் ஓடினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் 20,000 க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவர் ஓர் அமெரிக்க இளைஞர். அவருக்கு அந்த மொழியே தெரியாது என்பது 2020 இல்தான் வெளியே வந்தது. பல ஆண்டுகளாக அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் 'எவ்வளவு உழைப்பு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சிறுபான்மை மொழிக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று எந்தத் துணிவில் இருக்கிறோம்?

விக்கிப்பீடியாக்களில் வேறொரு வழக்கமும் உண்டு. ஒருவர் செய்த நல்ல வேலையைக் கண்ட இன்னொருவர், அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு பதக்கத்தை இட்டு, எதற்காக என்று இரண்டு வரி எழுதுவார். யாரும் யாருக்கும் கொடுக்கலாம், காசு செலவில்லை. 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியாவில் மிக அதிகமாகப் பங்களிப்பவர்கள் சிலருக்குக் குலுக்கல் முறையில் இப்படிப் பதக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த 90 நாட்களில், பதக்கம் பெறாதவர்களை விட அவர்களின் பங்களிப்பு 60 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒரு படமும் இரண்டு வரியும் செய்கிற வேலை இது. ஐயாவின் பேச்சுப் பக்கத்தில் உங்கள் தானியங்கி இட்ட ஒரே செய்தி, 'உங்கள் புள்ளிகள் குறைந்துள்ளன'.

பைட்டை எண்ண இயந்திரம் போதும், மனிதர் வாசித்தால் ஓரவஞ்சனை என்று சண்டை வரும் என்பீர்கள். வரட்டும். இப்போது மட்டும் சண்டை இல்லையா? ஒவ்வொரு பங்களிப்பாளரும் தமது தொகுப்புகளில் பத்தைத் தாமே தெரிந்து அனுப்பட்டும். குழு அந்தப் பத்தையும் வாசிக்கட்டும். 41 பேருக்கு 410 தொகுப்புகள், நான்கு பேர் இருந்தால் தலைக்கு நூறு. மேற்கோளோடு பிழையை நீக்கியவருக்குப் புதிதாக எழுதியவருக்குக் கொடுக்கும் அதே புள்ளியைக் கொடுங்கள். சேர்த்தது எதுவாயினும் 30 நாள் யாரும் நீக்காமல் நின்றால் மட்டும் எண்ணுங்கள், முதுகு வளைகுடாக்கள் தாமாக உதிர்ந்துவிடும். கட்டுரைக்காக மூதூருக்கோ குச்சவெளிக்கோ பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்து வந்தவருக்குத் தனியாக ஏதாவது செய்யலாம், அதை எப்படி அளப்பது என்று உட்கார்ந்து பேசவேண்டும். வாசிக்க ஆள் போதாது என்றால் நான் போட்டியிலிருந்து விலகிக்கொண்டு அந்த வேலைக்கு வருகிறேன். என் இடம் 17. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

விழாவைப் பற்றியும் ஒரு சொல். வரைவு அழைப்பிதழைப் பார்த்தேன். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று ஒன்பது பேரின் படம் இருக்கிறது. அவர்களில் எவராவது நமது விக்கியில் ஒரு தொகுப்பாவது செய்திருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. பங்களிப்பாளர்களின் பெயர் பின்பக்கத்தில்கூட இல்லை. ஒன்பது பொன்னாடைக்கு ஆகும் செலவில் எத்தனை பேருக்கு ஒரு மாத டேட்டா வாங்கிக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயிறு எரிந்தது, நிறுத்திவிட்டேன். நம் ஊரில் எந்தப் பரிசளிப்பு விழாவில்தான் பரிசு பெறுகிறவன் முன்வரிசையில் இருந்திருக்கிறான்? பிள்ளைகள் மதியம் வரை வெயிலில் நிற்பார்கள், பேச்சு நிழலில் நடக்கும்.

மன்னிக்கவும். கேட்க வந்தது அதுவல்ல.

நீங்களும் சம்பளம் இல்லாமல்தான் இதைச் செய்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. இந்த விக்கி தொடங்கிய நாளில் வழங்கி (server) வாடகையை உங்களில் ஒருவர் கைக்காசில் கட்டியது எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். பைட்டுக் கணக்கை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால், குறைந்தது கழிப்பதையாவது நிறுத்தி, கழித்த புள்ளிகளை இறுதிப் பட்டியலுக்கு முன்பு திருப்பிக் கொடுங்கள். ஐயாவைப்போல இன்னும் ஆறு பேருக்குக் கழித்திருக்கிறீர்கள், அவர்களின் தொகுப்பு இணைப்புகளை உங்கள் மின்னஞ்சலுக்கு இன்று காலை அனுப்பியிருக்கிறேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பதில் தந்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டியலில் 17 ஆவது பயனர்,
உவர்மலை, திருகோணமலை

பின்குறிப்பு: நேற்றிரவு யாரோ கோட்டை வாசல் கட்டுரையில் அந்த மூன்று பாடங்களையும் திரும்ப ஒட்டியிருக்கிறார். பச்சை எழுத்தில் +2,184. ஐயா காலையில் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, இதை நான் திரும்ப எடுத்தால் இன்னொரு 21 போகுமோ?" போகும் ஐயா என்றேன். சரி, எடுத்துவிட்டேன் என்றார்.