புதிய தொழிலாளிக்குச் செல்போன் வீடியோ போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இப்போது வேலைக்குச் சேர்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். மூத்த டெய்லருக்கு இந்தி வராது, வந்தவருக்குத் தமிழ் தெரியாது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைப்பவர், கையை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் அவர் கூலிதான் குறைகிறது. அப்புறம் யார் சொல்லித்தருவார்? புதியவர் கைமடியாகவே, அதாவது டெய்லருக்கு உதவியாளாகவே, நிற்கிறார்.

இதற்குப் பெரிய பயிற்சிக்கூடம் எல்லாம் தேவையில்லை. துணியின் ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் கோப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலை வளையமாக்கும் கொக்கிகளான லூப்பர்களில் முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியில்தான் ஊசி. ஊசியில் முதலில் கோத்துவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கீழ் லூப்பருக்கு நூல் போகும் வழி உள்ளே மறைந்திருப்பதால் பக்கத்தில் நின்றாலும் சரியாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற நூல் போட்டு, செல்போனை அருகில் வைத்து வீடியோ எடுத்தால் பேச்சே இல்லாமல் புரியும். அதன் கியூஆர் கோடை மெஷின் மேலேயே ஒட்டிவிடலாம். மறந்தால் யாரிடமும் திட்டு வாங்காமல் திரும்பப் பார்த்துக்கொள்வார்.

ஊசி மாற்றும் முன் மோட்டாரை அணைப்பது, விரல் காப்பைக் கழற்றாமல் தைப்பது ஆகியவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987லேயே 111ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

வீடியோவில் தைத்துக் காட்டும் டெய்லருக்கு அன்றைய கூலியைக் கம்பெனி முழுதாகக் கொடுக்க வேண்டும். தொழில் அமைப்புகள் இவற்றைத் தொகுத்துச் சிறு கம்பெனிகளுக்கும் இலவசமாகத் தரலாம்.

- பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், திருப்பூர்