டிஸ்சார்ஜ் சீட்டோடு பெற்றோரிடம் பத்து நிமிடம் பேசுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கமுங்க.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், 2021 டிசம்பரிலிருந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவில்லாமல் கிடைக்கிறது. பெரிய உதவி அது. நான் எழுதுவது அதற்குப் பிந்தைய மாதங்களில் பிள்ளைகள் மனதில் தங்கிவிடும் பயத்தைப் பற்றி. காங்கேயம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கட்டுப் பிரித்த பிள்ளைகள் திரும்பி வந்து உட்காருவது எங்கள் வகுப்பில்தான்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பாவோடு எக்ஸெல் வண்டியில் போகையில் லாரி உரசி இரண்டு பேரும் விழுந்தார்கள். கை எலும்பு கூடிவிட்டது. ஆனால் இடைவேளை விட்டால் போதும், பென்சில் டப்பாவை டஸ்டர்மேல் மோதவிட்டு, மேலே வைத்த ரப்பரைக் கீழே தள்ளுவான். திரும்பத் திரும்ப அதே விளையாட்டு. வீட்டில் விளையாடினால் ஆத்தா (பாட்டி) "அபசகுனமா வெளையாடாத சாமி" என்று பிடுங்கி வைத்துவிடுவாராம். "அதையே நெனைக்காத கண்ணு" என்பது அம்மா. அப்பா வண்டியையே விற்றுவிட்டார். அந்த ரோடு கண்ணில் படாமல் சுற்றுவழியாகப் பள்ளிக்குக் கூட்டி வருகிறார்கள். எல்லாம் பாசம்தான், குறை சொல்ல மனசு வரவில்லை.

ஒருநாள் அவனாகச் சொன்னான்: "நான் பின்னாடி ஆடுனதாலதான் டீச்சர் வண்டி சாஞ்சிருச்சு." பேசவே கூடாது என்றிருந்த வீட்டில் இது யாருக்குத் தெரியும்? அப்பாவிடம் சொன்னேன். "லாரிக்காரன் ஒடிச்சதுக்கு இவன் என்னங்க பண்ணுவான்!" என்று பதறினார். அதை அவனிடமே சொல்லச் சொன்னேன்.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 6 முதல் 13 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும், மொத்தம் 132 குடும்பங்களை, ஆறு மாதம் கவனித்து 2018இல் வெளியிட்டார்கள். பிள்ளை இனி பழையபடி ஆகாது என்று பெற்றோர் நம்பிய வீடுகளிலும், நடந்ததை நினைக்காதே, அந்தப் பக்கம் போகாதே என்று ஒதுக்கிய வீடுகளிலும் ஆறாம் மாதத்தில் பிள்ளைகளின் மனப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. அந்த ரோட்டில் ஒன்றும் ஆகாது என்பதை, ஒதுங்கியே இருக்கும் பிள்ளை தெரிந்துகொள்வது எப்படி?

பெரும்பாலான பிள்ளைகள் முதல் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆகவே பெரிய ஏற்பாடு எதுவும் கேட்கவில்லை. மாத்திரை வேளை சொல்லித்தரும் செவிலியரே இதையும் சொல்லட்டும்: பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், பேசாவிட்டால் தோண்டித் துருவாதீர்கள். விளையாட விடுங்கள். தூக்கமும் பள்ளியும் பழைய நேரப்படி நடக்கட்டும். அந்த ரோட்டுக்குக் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போங்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் திடுக்கிடலும் நிற்காவிட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம். மந்திரித்துத் திருநீறு போடுவதைத் தடுக்க வேண்டாம், அதோடு விட்டுவிடாமல் இருந்தால் சரி. கூடவே, பெற்றோரின் தூக்கத்தையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். வண்டியை விற்ற அந்த அப்பாவும் விழுந்தவர்தானே.

ஆத்தா, அம்மிச்சி என்று இரண்டு பக்கப் பாட்டிகளையும் அவசியம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அப்பா அம்மா பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் போய்விட்டால் பிள்ளை அவர்கள் கையில்தான்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உங்களில் ஒருவர் வந்தால், பெற்றோரைக் கூட்டி வைப்பது எங்கள் பொறுப்பு. தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை,
காங்கேயம் வட்டாரம்