இந்த தீபாவளிக்கும் அதிரசம் அனுப்புறேன் அம்மாடி

அம்மாடி,

போன்ல பேசுனா பாதியில நீ மீட்டிங் இருக்குன்னு வச்சிருவ, எனக்கும் கோவத்துல வார்த்தை தடிச்சிரும், அதான் உக்காந்து எழுதுறேன். மெதுவா வாசி.

பெரியவன் லீவுக்கு இங்க வந்துட்டுப் போன மறுநாள் மெத்தை விரிப்ப உதறுனேன், தலையணை உறைக்குள்ள இருந்து நாலு கடலைமிட்டாய் விழுந்துச்சு. பேப்பர்ல சுத்தி ஒளிச்சு வச்சிருக்கான். எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. ஆறு வயசுப் புள்ள, அதுவும் கோவில்பட்டியில ஆச்சி வீட்டுல, கடலைமிட்டாய ஒளிச்சு வச்சுத் திங்கணுமா? முந்தின நாள்தான் என்கிட்ட "ஆச்சி இது நல்ல ஸ்வீட்டா கெட்ட ஸ்வீட்டா, அம்மா ஸ்வீட்டு விஷம்னு சொன்னா"ன்னு கேட்டான், நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஒளிச்சு வச்சதப் பாத்த பிறகு அப்படி விட முடியல.

நீ ஏன் அப்படி சொன்னன்னு எனக்குப் புரியாம இல்ல. அப்பாவுக்கு சுகர், தாத்தாவுக்கும் இருந்துச்சு, உனக்கும் ரெண்டாவது பிரசவத்தப்ப எட்டிப் பாத்துச்சு. 2023ல வந்த ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுல நம்ம நாட்டுல பத்து கோடிப் பேருக்கு சுகர் இருக்குன்னு போட்டுருந்தாங்க. பயம் நியாயமானதுதான். ஆனா அந்த பயத்துல நான் பண்ண தப்ப நீயும் பண்ணிரக்கூடாது.

அப்பாவுக்கு சுகர்னு தெரிஞ்ச வருசம் வீட்டுல சீனி டப்பாவையே தூக்கி ஒளிச்சு வச்சேன்ல, உனக்கு ஞாபகம் இருக்கும். தீபாவளிக்கு பலகாரச் சட்டிய அடுப்புல ஏத்தவே இல்ல. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா முன்ன விட கூடியிருக்கு. அப்புறம்தான் தெரிஞ்சது அவுக தினமும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ரெண்டு சீனி டீயும் ஒரு வாழைக்காய் பஜ்ஜியும், சில நாள் மைசூர்பாகும் சாப்பிட்டிருக்காக. டாக்டர் அவுகள திட்டல, என்னைத்தான் தனியா கூப்பிட்டு "வீட்டுல எதுவுமே இல்லன்னா வெளியதான்மா போவாரு, வீட்டுலயே அளவா குடுங்க"ன்னாரு. நல்ல நாள்ல வயிறு காலியா இருக்கும்போது இல்லாம, சாம்பாரு காய் எல்லாம் சாப்பிட்ட பிறகு ஒரு இனிப்பு, அன்னைக்கு சோறு ஒரு கரண்டி கம்மி, சாப்பிட்டுட்டு தெரு முனை வரைக்கும் ஒரு நடை. இப்ப வரைக்கும் அப்படித்தான் ஓடுது, டெஸ்ட்டும் கட்டுக்குள்ள இருக்கு. திருட்டுத்தனமா திங்குறதும் நின்னுருச்சு.

இன்னொன்னும் சொல்லணும். கருப்பட்டி நல்லதுதானேன்னு நான் அப்பாவுக்கு கருப்பட்டி காபியா ஊத்துனேன்ல, அதுவும் தப்பு. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எதுவா இருந்தாலும் உள்ள போனா சக்கரைதான், ரத்தத்துல ஏறத்தான் செய்யும். ஆனாலும் நான் கருப்பட்டிய விட மாட்டேன், ஏன்னா நல்ல உடன்குடி கருப்பட்டின்னா அந்த வாசமும் கைப்பு கலந்த ருசியும் கொஞ்சம் போட்டாலே நாக்குக்குப் போதும்னு ஆயிரும். அதுக்காக "கருப்பட்டியில பண்ணது"ன்னு பாக்கெட்ல போட்டுருந்தா நம்பி அள்ளிக் குடுத்துராத. பாக்கெட்ட திருப்பிப் பாரு, எது அதிகமோ அதத்தான் முதல்ல எழுதணும்னு சட்டம். நீ அவனுக்கு ஸ்கூலுக்கு வச்சு விடுற அந்த சிறுதானிய பிஸ்கட்ட நான் திருப்பிப் பாத்தேன், முதல்ல மைதா, ரெண்டாவது சீனி, சிறுதானியம் கடைசியில எங்கயோ கிடக்கு. கடலைமிட்டாய விஷம்னு சொல்லிட்டு தினமும் அதக் குடுக்குறோம்ல அம்மாடி. கடலைமிட்டாய்ல வெல்லம் இருந்தாலும் பாதிக்கு மேல கடலைதான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கே நாளைக்கு ஆறு டீஸ்பூன் சக்கரைக்குள்ள நிறுத்துனா நல்லதுன்னு 2015லயே சொல்லிட்டாங்க, நீ ரெண்டு ஸ்பூன் போட்டு மூணு காபி குடிச்சா அதுலயே முடிஞ்சு போச்சு. வருசத்துக்கு ஒரு தடவ வர்ற அதிரசத்த விட தினமும் நாம கணக்குல எடுக்காம குடிக்கிறதுலதான் விசயம் இருக்கு. அவன் பால்ல கலக்குற பவுடர பாதியாக்கு, ஒரு வாரம் முகம் சுழிப்பான், அப்புறம் பழகிரும்.

இப்ப பலகாரத்துக்கு வர்றேன். எல்லாத்துலயும் கை வைக்கக் கூடாது, அது எனக்கு பட்டுத்தான் தெரிஞ்சது. பாயாசம், கேசரி, பாசிப்பருப்பு உருண்டை இதெல்லாம் குறைச்சாலும் தாங்கும். பாயாசத்துல கால் பங்கு வெல்லம் குறைச்சுட்டு, ஏலக்காயும் சுக்கும் கொஞ்சம் கூட்டி, ஒரு கிள்ளு உப்பும் போட்டேன், போன பொங்கலுக்கு நீயே ரெண்டு டம்ளர் குடிச்ச, ஒண்ணும் சொல்லல. கேசரிக்கு முன்னாடி ஒரு கப் ரவைக்கு ரெண்டு கப் சீனி, இப்ப ஒண்ணேகால்தான், அந்த பளபளப்பு கொஞ்சம் வராது, பரவாயில்ல.

ஆனா அதிரசம் அப்படி இல்ல. போன வருசம் வெல்லத்தக் குறைச்சேன், எண்ணெயில போட்டதும் உதிர்ந்து போச்சு. ஓவன்ல வச்சுப் பாத்தேன், ஓடு மாதிரி ஆயிருச்சு. பாகுப் பதம்தான் அதப் பிடிச்சு வைக்குது. அதனால மாவுல கை வைக்காம உருண்டையத்தான் சின்னதாக்குனேன், எலுமிச்சம்பழ அளவுல எடுத்தத நெல்லிக்காய் அளவுல எடுத்துத் தட்டுறேன். எண்ணெயில இருந்து எடுத்ததும் ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு நல்லா அமுக்கிருவேன். ஒண்ணு முழுசா சாப்பிட்டோம்ங்குற திருப்தி புள்ளைக்குக் கிடைக்கும், பெருசுல பாதி பிச்சுக் குடுத்தா மீதியத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். முறுக்கும் அப்படித்தான், ஏர்ஃப்ரையர்ல வரட்டி மாதிரி பண்றதுக்குப் பதிலா நல்ல எண்ணெயில கொஞ்சமா சுட்டு முடிச்சுரலாம். சுட்ட எண்ணெய்ய வடிகட்டி ரெண்டு நாளைக்குள்ள தாளிக்க எடுத்துக்கோ, திரும்ப பொரிக்க ஏத்தாத, ஐசிஎம்ஆர் 2024ல போட்ட உணவு வழிகாட்டியிலயும் அதே தான் இருக்குன்னு உன் தம்பி வாசிச்சுக் காட்டுனான்.

பெரியவனுக்கு சாயங்காலம் பசிக்குன்னா கேப்பைப் புட்டு அவிச்சுக் குடு, நிறைய தேங்காய்ப்பூ, மேல ஒரு ஸ்பூன் கருப்பட்டித் தூள், போதும். 100 கிராம் கேப்பையில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, வளர்ற புள்ளைக்கு நல்லது. தேங்காய அவனையே துருவல்ல இருந்து அள்ளிப் போடச் சொல்லு, இங்க அப்படித்தான் மூணு நாளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சின்னவளுக்கு ஒன்பது மாசம்தான ஆகுது, அவளுக்கு பண்டிகைன்னு எதையும் நக்கக் குடுக்காத, ரெண்டு வயசு வரைக்கும் இனிப்பே வேண்டாம். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது நாக்குல தேன் தடவ வந்தா என் பேரச் சொல்லித் தடுத்துரு. ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது, அதுல இருக்கக்கூடிய கிருமி பச்சப்புள்ள குடலுக்குத் தாங்காது. இதுல மட்டும் நான் உன்னை விட கண்டிப்பு.

அவன்கிட்ட விஷம்ங்குற வார்த்தைய மட்டும் இனிமே சொல்லாத கண்ணு. "இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு"ன்னு சொல்லு, அவன் கேப்பான். டப்பாவ கைக்கு எட்டாத பரண்ல வைக்காத, அடுக்களையில கண்ணுக்குத் தெரியுற இடத்துல வச்சு, நீயும் அவன் கூட உக்காந்து ஒண்ணு சாப்பிடு. அவனுக்கு மட்டும் குடுத்துட்டு நீ வேண்டாம்னு தட்டத் தள்ளுனா அவன் அதத்தான் பாப்பான்.

பார்சல் வியாழக்கிழமை போடுறேன். அதிரசம் இருபது, உரல்ல இடிச்ச எள்ளுருண்டை ஒரு டப்பா, அதுல எண்ணெயும் சேக்கல நெய்யும் சேக்கல, எள்ளு விட்ட எண்ணெய்தான். பொரிவிளங்கா பத்து, அது கல்லு மாதிரி இருக்கும், உடைச்சுக் குடு. நாலு கடலைமிட்டாய தனியா பேப்பர்ல சுத்தி அவன் பேரு எழுதி வச்சிருக்கேன். பெட்டிய அவனே பிரிக்கட்டும், பிரிச்சதும் எனக்கு வீடியோ கால் போடச் சொல்லு.

அம்மா