ஆவணி பிறந்தும் வராத அட்வான்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வில்லிவாக்கத்தில் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டு, இந்த ஆனி மாதக் கடைசியில் கொரட்டூருக்கு வீடு மாறி வந்திருக்கிறோம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் கணவர் மருந்து மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மகன் பிளஸ் டூ, மகள் ஒன்பதாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. பழைய வீடு இரண்டாவது மாடி. கோயிலுக்குப் போவதைக்கூட அவர் நிறுத்திவிட்டதால்தான் தரைத்தளத்தில் வீடு தேடினோம். வேறு எந்தக் குறையும் சொல்லி நாங்கள் அந்த வீட்டை விட்டு வரவில்லை.

வீடு மாறுவதில் உள்ள கஷ்டம் என்றால் எல்லோரும் மூட்டை கட்டுவதைத்தான் நினைப்பார்கள். அது மூன்று நாள் வேலை. மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி வாங்கி வந்தோம், பழைய சேலைகளில் துணிமணியை மூட்டையாகக் கட்டினோம், எவர்சில்வர் பாத்திரங்களை உங்கள் நாளிதழில் சுற்றி வைத்தோம். குட்டியானை இரண்டு நடை அடித்தது. பீரோவைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கிரைண்டர் கல்லை என் மகனே தூக்கிக்கொண்டு இறங்கினான். அதெல்லாம் எப்படியோ முடிந்துவிட்டது. எங்களை இன்றுவரை அலைய வைப்பது அட்வான்ஸ் பணம்தான்.

சித்திரை மாதமே, முழுசாக இரண்டு மாதம் முன்கூட்டியே, காலி செய்யப் போவதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டோம். "சரிம்மா, தாராளமா" என்றார். குடிவந்தபோது அறுபதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். புது வீட்டுக்கு வாடகை பதினாலாயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம். பத்தாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டு, பழைய வீட்டுப் பணம் வந்தால் மீதியில் பெரும்பகுதி அடைந்துவிடும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். சாவி கொடுக்கும் வாரத்தில் போய்க் கேட்டபோது வீட்டுக்காரர் சொன்னார்: "ஆடி போய் ஆவணி வரட்டும்மா. அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுடையதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்."

ஆடியில் யார் புது வீட்டுக்கு வருவார்கள்? அதனால்தானே நாங்களும் ஆனிக்குள் பால் காய்ச்சிவிட அவசரப்பட்டோம். எங்களைப் போலவே ஊரே அந்த இரண்டு வாரத்தில் மாறுகிறது. அப்புறம் ஒரு மாதம் காலி வீடுகளெல்லாம் டு-லெட் பலகையோடு சும்மா கிடக்கின்றன. அந்த ஒரு மாதமும் எங்கள் பணமும் அங்கேயே கிடக்கிறது. ஆனால் புது வீட்டுக்காரருக்கு ஆனியிலேயே முழுப் பணமும் கொடுத்தால்தான் சாவி. கடைசியில் என் இரண்டு பவுன் வளையலை வங்கியில் வைத்துத் தொண்ணூறாயிரம் வாங்கினோம். மாதம் எழுநூற்றைம்பது ரூபாய் வட்டி. எங்கள் பணம் ஒருவரிடம் சும்மா இருக்க, இன்னொரு பணத்துக்கு நாங்கள் வட்டி கட்டுகிறோம். வாடகை வீட்டில் இருக்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. இதை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். என் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் அவர் வாடகையே கேட்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு அனுப்புவார். அவருடைய மகள் கல்யாணத்தில் எங்கள் அட்வான்ஸ் எப்போதோ செலவாகிவிட்டது, அவ்வளவுதான். வருகிறவர் கொடுப்பதை வாங்கிப் போகிறவருக்குக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம் என்று அவரும் நம்புகிறார், நாங்களும் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

சாவி கொடுத்த அன்று இன்னொரு கணக்கும் வந்தது. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தவர், பால்கனிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நின்றுவிட்டார். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில் ஒரு எண்ணெய்க் கறை. என் மாமனார் ஆறு வருஷம் தினமும் மத்தியானம் அந்த இடத்தில்தான் காலை நீட்டி, சுவரில் தலையைச் சாய்த்துப் பேப்பர் படிப்பார். காலையில் தேங்காய் எண்ணெய் வைக்காமல் அவர் வெளியே கிளம்ப மாட்டார். சுவரில் முதலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது, போகப் போக ஒரு தோசை அளவுக்கு ஆகிவிட்டது. நடுவில் கறுப்பு, ஓரம் மஞ்சள். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் நான் சோப்புத் தண்ணீரும் நாருமாக அதைத் தேய்க்கப் போனேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் மளிகைக் கடைக் காலண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டியிருந்தார். அழுக்கு தெரியக் கூடாது என்று மாட்டியதாகத்தான் மூன்று வருஷமும் நினைத்திருந்தேன். காலி செய்த அன்று காலண்டரைக் கழற்றிவிட்டு அத்தை அந்தக் கறையில் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான், என் கைக்குத் தப்ப வைக்கத்தான் மாட்டினார் என்று புரிந்தது.

"இது சாதாரணமா போகாது. மொத்த வீட்டுக்கும் பெயிண்ட் அடிக்கணும்" என்று வீட்டுக்காரர் பதினெட்டாயிரம் பிடித்துக்கொண்டார். நானும் பேசாமல் தலையாட்டினேன். காலி செய்கிறவர்கள் பெயிண்ட் காசு கொடுப்பது முறை என்றுதான் எனக்கும் தெரியும். கறை எங்களுடையதுதானே என்ற கூச்சமும் இருந்தது. கரண்ட் பில் பாக்கி ஆயிரத்து முந்நூறையும் கழித்தார், அது நியாயம்.

புது வீட்டில் முதல் பத்து நாள் ராத்திரியில் பாத்ரூம் லைட்டுக்குக் கை தானாக இடது பக்கம் போகும். இங்கே சுவிட்ச் வலது பக்கம். மகள் பள்ளியிலிருந்து வரும்போது பழைய பஸ் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டு ஒருநாள் போன் செய்தாள். சாமான் இறக்கிய அன்று மோட்டார் போடும் நேரம் எங்களுக்குத் தெரியாது, டேங்க் காலி. மாடியில் இருக்கும் அக்கா இரண்டு குடம் தண்ணீரும் ராத்திரிக்கு எங்கள் ஐந்து பேருக்கும் இட்லியும் கொடுத்தார். அத்தைக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. தினமும் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிடுவார். வராது. அந்தப் பக்கத்துக் காக்காய்க்கு இந்த வீடு தெரியாதே என்பார். ஆடி அமாவாசை அன்று வாழை இலையில் வைத்த சோற்றை ஒன்று வந்து எடுத்தது. அன்றைக்குத்தான் அத்தை வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த மாடிவீட்டு அக்கா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கதையைக் கேட்டவர், "சட்டம் இருக்கே, படிச்சுப் பார்த்தீங்களா?" என்றார். மகள் போனில் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1960-ல் வந்த பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் சேர்த்து 2017-ல் தமிழ்நாடு அரசு ஒரு புதுச் சட்டம் இயற்றியிருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆள் வந்தால்தான் என்ற பேச்சே அதில் இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதன் கடைசியில் இருக்கும் பட்டியல். எந்தப் பழுது யார் பொறுப்பு என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். குழாய் வாஷர் மாற்றுவது, சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. கட்டடப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. அவருடைய பட்டியலில்தான் சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அப்படித்தான். எங்கள் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதியது. பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்த ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது. காலண்டர் மாட்டியதுகூட ஏற்கெனவே இருந்த ஆணியில்தான்.

இப்படிப்பட்ட தகராறுகளைக் கேட்க, துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாக நியமிக்க வேண்டும் என்றும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை அவரிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கள் தெருவில் விசாரித்த ஏழெட்டு வீடுகளில் ஒருவர்கூடப் பதிவு செய்ததில்லை. பாதிப் பேருக்கு இப்படி ஒரு அதிகாரி இருப்பதே தெரியாது. எனக்கும் போன மாதம்வரை தெரியாதே.

ஆவணி இரண்டாவது வாரம் பழைய வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். என் கணவர் போனபோது வீட்டுக்காரர் இருபதாயிரம் கொடுத்தார். இன்னும் இருபதாயிரத்து எழுநூறு தர வேண்டும், தீபாவளிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயிண்ட் காசைப் பற்றி இவர் பேசவில்லை. பழகிய மனிதரிடம் சட்டம் பேச இவருக்கு வாய் வரவில்லை. நான் எழுதிக் கேட்கப் போகிறேன், மரியாதையாகத்தான். புதிதாகக் குடிவந்தவர்கள் இவரை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்திருக்கிறார்கள். வீடு முழுக்க அடித்திருந்தாலும் அந்தச் சுவரில் ஒற்றைக் கோட்தான் போலிருக்கிறது, எண்ணெய் அதையும் மீறி லேசாக மஞ்சளாகக் கசிந்திருந்ததாம். வீட்டுக்கு வந்து, "அம்மா, அப்பா கறை இன்னும் அங்கேயேதான் இருக்கு" என்றார். அத்தை இரண்டு தடவை அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டத்தின் அந்தப் பட்டியலையும், அட்வான்ஸ் பற்றிய இரண்டு விதிகளையும் எளிய தமிழில், கத்தரித்துப் பீரோவில் ஒட்டி வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு கட்டமாகப் போட்டு வெளியிடுங்கள். ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் வெளியிட்டால் நல்லது. ஆனிக்குள் மாற நினைக்கிறவர்கள் அப்போதுதான் வீடு பார்க்கத் தொடங்குவார்கள். அட்வான்ஸை வாங்கியதும் செலவழித்துவிடாமல் வங்கியில் தனியாகப் போட்டு வைக்கும்படி வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எங்கள் பழைய வீட்டுக்காரரும் உங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார்.

புது வீட்டு ஒப்பந்தத்தில் போன ஞாயிற்றுக்கிழமைதான் கையெழுத்துப் போட்டோம். காலி செய்யும் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தருவது, வெள்ளையடிப்பது உரிமையாளர் செலவு என்று இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொன்னேன். இந்த வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் "சட்டத்திலேயே இருக்குன்னா எழுதிக்கலாம்மா" என்று அவர் கையாலேயே எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொரட்டூர், சென்னை.